மேலே இருக்கும் மூடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வட கடலின் காற்றாலைப் பண்ணைகளைப் பற்றி எழுதியபோது நடுவில் ஒரு வரி சொல்லியிருந்தேன். பெரிய பண்ணை தனக்கு மேலே இருக்கும் காற்றில் ஈர்ப்பு அலைகளை எழுப்புகிறது, அந்த அலைகள் பண்ணைக்கு வரும் காற்றையே மாற்றிவிடுகின்றன என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுக நகரத்தில் பதினெட்டு வருடம் காற்றாலைகளுக்குக் கணினி மாதிரிகள் செய்தவள் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் இந்த அலைகளோடுதான் கழிந்தது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஈர்ப்பு அலைகள் என்றால் 2015-ல் அமெரிக்காவில் லைகோ கருவிகள் பிடித்தவைதானே? கருந்துளைகள் மோதும்போது வருபவை. அவற்றுக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்?
— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை

சம்பந்தம் இல்லை ஐயா, பெயர்தான் குழப்புகிறது. லைகோ பதிவுசெய்தது காலவெளியே அதிரும் அலை. நான் சொன்னது காற்றின் ஊசலாட்டம். தமிழில் இரண்டையுமே 'ஈர்ப்பு அலை' என்று எழுதிவிடுகிறோம்.

கிணற்றில் காலிக் குடத்தை அமுக்கிவிட்டால் எகிறி மேலே வந்து, திரும்ப அமிழ்ந்து, நாலைந்து தடவை ஆடி அடங்குமே, அதே கதைதான் இங்கேயும். ஒரு கட்டிக் காற்றை மேலே தூக்கினால் அது விரிந்து குளிர்கிறது. கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. ஆனால் சுற்றியுள்ள வளிமண்டலம் சராசரியாக கிலோமீட்டருக்கு 6.5 டிகிரிதான் குளிர்கிறது. ஆக, தூக்கப்பட்ட காற்று அக்கம்பக்கத்தைவிடக் குளிர்ந்து கனமாகி, கீழே விழுகிறது. விழும் வேகத்தில் பழைய இடத்தைத் தாண்டிப் போய், அங்கே இலேசாகி, திரும்ப ஏறுகிறது. சாதாரண வளிமண்டலத்தில் ஒரு முறை ஏறி இறங்கச் சுமார் பத்து நிமிடம். காற்று வீசிக்கொண்டும் இருப்பதால் அந்த ஆட்டம் அலையாக நீள்கிறது.

நான் என் குறிப்பேட்டில் இதை 'மிதப்பு அலை' என்றுதான் எழுதி வைப்பேன். மிதப்பு விசை பள்ளிப் பாடத்திலேயே வருகிற சொல், குழப்பமும் இல்லை. கீழே அப்படியே எழுதுகிறேன்.

மேடம், ஒரு டர்பைன் அதிகபட்சம் 200 மீட்டர் உயரம் இருக்குமா? அது எப்படி கிலோமீட்டர் கணக்கில் மேலே இருக்கிற காற்றை அசைக்கும்? எனக்கு நம்ப முடியவில்லை.
— பிளஸ் டூ மாணவி, தென்காசி

தனி டர்பைன் அசைக்காது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி, ஹார்ன்சீ ஒன்று என்ற பண்ணை இருக்கிறது. ஒவ்வொன்றும் 7 மெகாவாட், மொத்தம் 174 டர்பைன்கள். 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. இறகு நுனி எட்டும் உயரம் 190 மீட்டர். இப்போது இதைக் கம்பங்களாகப் பார்க்காதே. கடல்மேல் கிடக்கும் அகலமான, தாழ்ந்த, காற்று நுழையக்கூடிய ஒரு மேடாகப் பார்.

உங்கள் ஊர் வாய்க்காலில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடத்தைப் பார்த்திருப்பாய். அங்கே தண்ணீர் மெதுவாகிறது, மெதுவாவதால் மட்டம் உயர்கிறது. அந்த உயர்வு செடி இருக்கும் இடத்தோடு நிற்பதில்லை, செடிக்கு வெகு முன்னாலேயே தண்ணீர் தேங்கத் தொடங்கிவிடுகிறது. பண்ணையிலும் அதேதான். உள்ளே நுழையும் காற்று வேகம் குறைகிறது. பின்னால் வருகிற காற்று எங்கேயாவது போக வேண்டும். கீழே கடல், பக்கவாட்டு விளிம்போ பல கிலோமீட்டர் தூரத்தில். மேலே போவதுதான் வழி.

மேலே ஒரு மூடி இருக்கிறது. கடலுக்கு மேல் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை கலங்கிப் புரளும் காற்றடுக்கு, அதன் தலைமேல் திடீரென்று வெப்பம் கூடும் மெல்லிய அடுக்கு. பாடப் புத்தகத்தில் 'வெப்பத் தலைகீழ் மாற்றம்' என்று படித்திருப்பாய். மார்கழிக் காலையில் அடுப்புப் புகை கொஞ்ச தூரம் ஏறி, அப்புறம் கூரை போட்டதுபோல் ஒரே மட்டத்தில் படர்ந்து நிற்கும் இல்லையா, அதே வகை மூடிதான். பண்ணைக்குள் மெதுவான காற்று இந்த மூடியைக் கீழிருந்து தள்ளுகிறது. மூடி உயர்ந்த இடத்தில், முன்பு வெதுவெதுப்பான இலேசான காற்று இருந்த உயரத்துக்குக் குளிர்ந்த கனமான காற்று வந்துவிடுகிறது. அந்தக் கூடுதல் கனம் கடல் மட்டம் வரை அழுத்துகிறது.

எவ்வளவு அழுத்தம்? விரல்விட்டு ஒரு தோராயக் கணக்கு போடலாம். மூடியில் வெப்ப வித்தியாசம் 5 டிகிரி, அது வெறும் 20 மீட்டர் உயர்கிறது என்று வை. கீழே கூடும் அழுத்தம் 4 பாஸ்கல். தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஏறினால் எவ்வளவு அழுத்தம் குறையுமோ, அவ்வளவுதான் அது. ஆனால் விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வருகிற காற்றை அந்த 4 பாஸ்கல் 8.6-ஆகக் குறைத்துவிடும். வேகம் 4 சதவீதம் குறைகிறது. மின்சாரமோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போவதால் அங்கே 12 சதவீதம் போய்விடுகிறது. உண்மைக் காற்றில் கலக்கமும் பக்கவாட்டுப் பாய்ச்சலும் சேர்ந்து இந்த எண்களை மாற்றும். இருந்தாலும் ஒன்றரைச் சாண் அழுத்தத்துக்கு என்ன வலு என்று இந்தக் கணக்கு காட்டும்.

அப்புறம் வாய்க்கால் உவமையில் இன்னொன்றும் இருக்கிறது. மூடியின்மேல் ஓடும் அலைக்கு ஒரு வேகம் உண்டு. மூடி 500 மீட்டர் உயரத்தில், 5 டிகிரி வித்தியாசத்தோடு இருந்தால், அந்த வேகம் விநாடிக்குச் சுமார் 9.2 மீட்டர். காற்று 8 மீட்டரில் வீசினால் அலை எதிர்நீச்சல் போட்டுப் பண்ணைக்கு முன்னால் ஏறிப்போகும். 12 மீட்டரில் வீசினால் அலையைக் காற்று பின்னுக்கு அடித்துப்போய்விடும். காற்றின் வேகத்துக்கும் அலையின் வேகத்துக்கும் உள்ள இந்த விகிதத்துக்கு ஃப்ரூட் எண் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்களை ஆராய்ந்த வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. 9.2 என்ற எண்ணைக் கவனி. வட கடலில் டர்பைன்கள் பெரும்பாலான நேரம் வேலை செய்வது அந்த வேகத்தை ஒட்டித்தான்.

மூடிக்கு மேலே உள்ள அமைதியான காற்றும் சும்மா இருப்பதில்லை. மூடி மேலும் கீழும் அசைந்தால் அதுவும் அலையடிக்கிறது. 10 மீட்டர் காற்றில் அந்த அலையின் செங்குத்து நீளம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். உன் 200 மீட்டர் யந்திரங்களின் தடம் அங்கே வரை போகிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித் 2010-ல் இதை முதலில் தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் வாழ்நாளெல்லாம் மலைகளைத் தாண்டும் காற்றைப் படித்தவர். மலையை அறிந்த ஒருவர் கண்ணுக்குத்தான் காற்றாலைப் பண்ணை ஒரு குன்றாகத் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

டர்பைன்களுக்குப் பின்னால் வெள்ளை வால்போல மேகம் நீளும் கடல் படம் ஒன்று எல்லா இடத்திலும் வருகிறதே, அதுதான் இந்த அலையா? இல்லையென்றால் இதை யாராவது நேரில் அளந்திருக்கிறார்களா?
— காற்றாலை உதிரிபாகப் பட்டறை நடத்துபவர், கோயம்புத்தூர்

அது டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணை, 2008 பிப்ரவரி 12-ஆம் தேதி எடுத்த படம். 80 டர்பைன்கள் கொண்ட பண்ணை அது, 2002-ல் கட்டியது, எஸ்பியர்க்கிலிருந்து அதிக தூரமில்லை. அன்று கடல்மேல் காற்று நிறைசெறிவுக்கு மிக அருகில் இருந்ததால் இறகுகள் கலக்கிய காற்று பனிமூட்டமாகத் திரண்டு தெரிந்தது. படத்தில் இருப்பது ஒவ்வொரு டர்பைனுக்கும் பின்னால் விழும் காற்று நிழல், அதாவது வேகம் இழந்து கலங்கிய காற்று. மிதப்பு அலை இல்லை.

அலையை இப்படிப் படம் எடுப்பது கஷ்டம். சில பாஸ்கலையும், அரை மீட்டருக்குக் குறைந்த வேக மாற்றத்தையும், பத்து இருபது கிலோமீட்டர் பரப்பில் தேட வேண்டும். அதுவும் காற்று தானாகவே கூடிக் குறைந்துகொண்டிருக்கும் கடலில். இருந்தாலும் ஜெர்மனியின் 80 டர்பைன் பண்ணையான குளோபல் டெக் ஒன்றில் லேசர் ஒளியால் காற்றை அளக்கும் லைடார் கருவியை வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2021-ல் வெளியானது. காற்று நன்றாக அடுக்கிட்டு நின்ற நேரங்களில் பண்ணைக்கு முன்னாலேயே வேகம் சுமார் 4 சதவீதம் குறைந்தது. காற்று கீழிருந்து மேல் கலங்கிப் புரண்ட நேரங்களில் அந்தக் குறைவைக் காணோம். அடுக்கு இருந்தால் விளைவு, இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பாய்ம இயக்கவியல் ஆய்வு மாணவன். காற்றாலை ஓட்டத்தை லார்ஜ் எடி சிமுலேஷனில், அதாவது பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் கணினி முறையில், செய்கிறேன். மேல் எல்லையை 1 கிலோமீட்டரில் வைத்து வழுக்கும் சுவர் (உராய்வில்லாத மூடிய கூரை) கொடுத்தால் போதாதா? மிதப்பு அலைகளைச் சேர்ப்பதில் உண்மையான சிரமம் எங்கே இருக்கிறது?
— ஆராய்ச்சி மாணவர், சென்னை

போதாது தம்பி. ஏன் போதாது என்பதை எனக்கு நடந்ததைச் சொல்லியே விளக்குகிறேன்.

நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் ஒரு பண்ணையின் வரைபடத்துக்கு, முன்வரிசைக்கு வரும் காற்று எவ்வளவு குறையும் என்று கணக்கிடச் சொன்னார்கள். கணினி நேரத்துக்குப் பணம் குறைவு. கணினிக்குள் காற்றை ஓட்டிப் பார்க்கும் கற்பனைப் பெட்டியின் உயரத்தை 5 கிலோமீட்டரில் நிறுத்தினோம், மேலே வழுக்கும் சுவர். ஓட்டம் அழகாக வந்தது. பண்ணைக்கு முன்னால் காற்று குறைகிறது, மூடி உயர்கிறது, மேலே அலை வரிவரியாக நிற்கிறது. இடைக்கால அறிக்கையும் போய்விட்டது. பிறகு வேறு ஒரு காரணத்துக்காகப் பெட்டியை 6 கிலோமீட்டராக்கி ஒருமுறை ஓட்டினேன். மறுநாள் காலை வரைபடத்தைப் பார்த்தால் குறைய வேண்டிய இடத்தில் காற்று கூடியிருந்தது. ஒரே பண்ணை, ஒரே காற்று. மாறியது கூரையின் உயரம் ஒன்றுதான். அன்று முழுக்க நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. அலையின் செங்குத்து நீளம் 6.3 கிலோமீட்டர். அதற்கு நாங்கள் கட்டியிருந்த வீடு அதைவிடச் சிறியது. மேலே போன அலை கூரையில் மோதித் திரும்பி, பண்ணைமேல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் அளந்தது வளிமண்டலத்தை இல்லை, எங்கள் கூரையை. நான்கு மாத ஓட்டங்களைத் தூக்கிப்போட்டோம், அறிக்கையையும் திரும்ப வாங்கினோம்.

வெறுஞ்சுவர்க் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஊதினால் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடும் இல்லையா, அந்த மாதிரி. ஒலிப்பதிவுக் கூடத்தில் சுவருக்குப் பஞ்சு அடிக்கிறார்கள். நாமும் பெட்டியின் மேல்பகுதியில் பஞ்சு வைக்கிறோம். ரேலி தணிப்பு அடுக்கு என்று பெயர். அங்கே நுழைந்த அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்க வேண்டும். பஞ்சு மென்மையாக இருந்தால் அலை ஊடுருவிப் போய்க் கூரையில் முட்டித் திரும்பும். கெட்டியாக இருந்தால் பஞ்சே சுவராகி, அதன் அடிப்பரப்பிலேயே அலை திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவு காற்றின் வேகத்துக்கும் அடுக்கின் வலுவுக்கும் ஏற்ப மாறும். அதனால் ஒரு பண்ணைக்குச் சரியாக அமைத்ததை அடுத்ததற்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. இன்று நல்ல கணக்குகளில் பெட்டியின் உயரம் 25 கிலோமீட்டர்வரை போகிறது. 200 மீட்டர் யந்திரத்துக்கு 25 கிலோமீட்டர்!

மேல்பக்கம் முடிந்தால் பக்கவாட்டு இருக்கிறது. நீயும் அநேகமாக வெளியேறும் ஓட்டத்தையே திரும்ப நுழைவாயிலில் விடும் முறையைத்தான் வைத்திருப்பாய். பண்ணையைத் தாண்டி வந்த, மூடி உயர்ந்த, நிழல் விழுந்த காற்றை ஓர் ஓரப் பட்டையில் வலுக்கட்டாயமாகப் புதுக் காற்றாக மாற்ற வேண்டும். அந்த வலுக்கட்டாயமே ஒரு தடை. அதுவும் அலை எழுப்பும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் லூக்கா லான்சிலாவோவும் யோஹான் மேயர்ஸும் 2022-ல் இந்த ஓரப் பட்டைக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பட்டைக்குள் காற்றின் செங்குத்துப் போக்குவரத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தி, அங்கே பிறக்கும் போலி அலை பண்ணைப் பக்கம் வராமல் செய்வது. அதைப் படி. உன் ஆய்வில் ஆறு மாதம் மிச்சமாகும்.

அவர்கள் இருவருமே 2024-ல் 160 டர்பைன் கொண்ட ஒரு மாதிரிப் பண்ணையை எடுத்து, மூடியின் உயரம், மூடியின் வலு, அதற்கு மேலுள்ள அடுக்கு ஆகியவற்றை மாற்றி மாற்றி, 40 விதமான வானங்களின் கீழ் ஓட்டினார்கள். பண்ணையில் ஒரு திருகாணியும் மாறவில்லை, வானம்தான் மாறியது. முன்வரிசை இழப்பு வானத்துக்கு வானம் பெரிதாக வேறுபட்டது. மூடி தாழ்ந்தும் வலுவாகவும் இருக்கும்போது இழப்பு அதிகம்.

வேகமாகக் கணக்கிடும் வழி இல்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் 1983-ல் பிறந்த யென்சன் சூத்திரம் இன்றும் பயன்படுகிறது, ஒரு நொடியில் விடை தரும். ஆனால் அதற்குத் தெரிந்தது நிழல் மட்டும்தான். அதன் உலகத்தில் முதல் வரிசைக்கு வருகிற காற்று எப்போதும் கன்னிக்காற்று. நடுவழியாக, டிரீஸ் ஆலார்ட்ஸும் மேயர்ஸும் 2019-ல் மூன்றடுக்கு மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். டர்பைன்கள் இருக்கும் கீழடுக்கு, அதற்கும் மூடிக்கும் நடுவில் ஓர் அடுக்கு, மூடிக்கு மேலே வளிமண்டலம். சூப்பர் கம்ப்யூட்டர் நாள் கணக்கில் செய்வதைச் சாதாரண மடிக்கணினியில் சீக்கிரமாகத் தோராயமாகச் சொல்லும். என் கடைசி மூன்று வருடமும் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான். இது அபாயம் என்று காட்டும் வானங்களுக்கு மட்டும் பெரிய கணக்கு. உனக்கும் அதையே சொல்வேன்.

இந்த அலையால் எப்போதும் நஷ்டம்தானா?
— இல்லத்தரசி, திருச்சி

இல்லை. முன்விளிம்பில் அழுத்தம் கூடுகிறது என்றால் அங்கிருந்து பின்விளிம்பு நோக்கி அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். பண்ணைக்குள் வந்துவிட்ட காற்றை அந்த இறக்கம் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. முன்வரிசை இழந்ததில் ஒரு பகுதியைப் பின்வரிசைகள் திரும்பப் பெறுகின்றன. மேலே சொன்ன 40 வானங்களிலும் இழப்பு கூடும் இடத்தில் இந்தத் தள்ளுதலும் சேர்ந்தே கூடியது. முன்வரிசை இழப்பை மட்டும் எடுத்துச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, அது நியாயமில்லை.

சில சதவீதத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? முதலீடு செய்கிறவனுக்கு இது தெரிய வேண்டுமா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சேலம்

தெரிய வேண்டும். 2019 அக்டோபரில் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம், உலகக் கடல் காற்றாலைத் தொழிலில் முன்னணியில் இருப்பது, பங்குதாரர்களிடம் வெளிப்படையாகச் சொன்னது: காற்று நிழலையும் முன்தடையையும் தாங்கள் குறைவாக மதிப்பிட்டிருந்ததாக. முன்தடை என்று நான் எழுதுவது பண்ணைக்கு முன்பே காற்று தேங்குவதை. தங்கள் திட்டங்களின் ஆயுட்கால வருவாய் விகிதத்தை 7.5 – 8.5 சதவீதத்திலிருந்து 7 – 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அரை சதவீதம்தானே என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள், வங்கியில் இருந்தவர். அதுவரை எங்கள் துறையில் இதைப் பற்றிப் பேசினால் 'கணித ஆசை' என்பார்கள். அந்த மாதத்துக்குப் பிறகு எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அம்மா, கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) நேரத்தில் கடலில் பட்டை பட்டையாக ஒரு இடம் கறுத்தும், ஒரு இடம் வெளுத்தும் நிற்கிறதைப் பார்ப்போம். காற்றும் அப்படித்தான் பட்டைக்குப் பட்டை கூடும், குறையும். அது நீங்கள் சொல்கிற அலையா? நம்ம கடலிலும் காத்தாடி வைக்கப்போகிறார்கள் என்கிறார்களே, அப்போது என்ன ஆகும்?
— மீனவர், 61 வயது, தூத்துக்குடி

அண்ணாச்சி, இந்த மூட்டையில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது. கடலில் பட்டை விழப் பல காரணம் உண்டு. தண்ணீருக்கு அடியில் ஓடும் அலை, எண்ணெய்ப் படலம், நீரோட்டம் சந்திக்கும் இடம். ஆனால் காற்றும் பட்டைக்குப் பட்டை மாறுகிறது என்று நீங்கள் சேர்த்துச் சொன்னீர்களே, அந்தத் தகவல்தான் முக்கியம். மலையைத் தாண்டி வரும் காற்று, மலைக்குப் பின்னால் மிதப்பு அலையாக ஆடிக்கொண்டே போகும். அலை கீழே இறங்கும் இடத்தில் கடல்மேல் காற்று கூடும், ஏறும் இடத்தில் குறையும். கூடிய இடம் சிற்றலையால் கறுத்துத் தெரியும். அலை நின்ற இடத்திலேயே நிற்கும், காற்று அதனூடே ஓடும். இங்கிலாந்தில் வெஸ்டர்மோஸ்ட் ரஃப் என்று கரையிலிருந்து 8 கிலோமீட்டரில் 35 டர்பைன் பண்ணை ஒன்று உண்டு. நிலத்தின் மேடுகளைத் தாண்டி வரும் காற்று அங்கே இப்படி அலையடிப்பதை ஆய்வாளர்கள் மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரே பண்ணையில் சில டர்பைன்கள் கூடிய பட்டையிலும், சில குறைந்த பட்டையிலும் மாட்டிக்கொள்ளும்.

நான் பிறந்தது ஆரல்வாய்மொழி. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது, மலைக்குக் கிழக்கே வெயிலில் நீளமாக ஒரு மேகப் பட்டை அசையாமல் நிற்கும். இவ்வளவு காற்றில் அந்த மேகம் மட்டும் ஏன் ஓடவில்லை என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அலையின் முகடு அது என்று எனக்குத் தெரிந்தது முப்பது வயதில், எஸ்பியர்க்கில். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல், பொதிகை 1,800-க்கு மேல். அவற்றைத் தாண்டியும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் கச்சான் இறங்குவது மன்னார் வளைகுடாவுக்குத்தான்.

தமிழ்நாட்டுக்குக் காத்தாடி புதிதல்ல. உங்கள் ஊரை ஒட்டிய முள்ளக்காட்டில் 1986-லேயே 55 கிலோவாட் யந்திரங்கள் சுற்றின, இந்தியாவின் முதல் பண்ணைகளில் ஒன்று அது. இப்போது பேச்சு கடலுக்குள். 2024 ஜூனில் மத்திய அரசு கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். உங்கள் வலைக்கும் மீன்பாட்டுக்கும் என்ன ஆகும் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதைப் பேச வேண்டியவர்கள் நீங்கள். காற்றைப் பற்றி மட்டும் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

கடல் காற்றாலை என்றால் எல்லோரும் 100, 150 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகத்தைத்தான் அளக்கிறார்கள். அது வேண்டும். ஆனால் அது போதாது என்று பதினெட்டு வருடம் எனக்குக் கற்றுக் கொடுத்தது. மூடி எந்த உயரத்தில் இருக்கிறது, எத்தனை டிகிரி வலு, ஆனி முதல் ஆவணி வரை அது எப்படி ஏறி இறங்குகிறது, இந்த விவரம் இல்லாமல் மன்னார் வளைகுடாவில் பெரிய பண்ணைக்கு வரும் காற்றைக் கணக்கிட்டால், நான் 5 கிலோமீட்டர் பெட்டியில் செய்த அதே தப்புதான் வேறு உருவத்தில் வரும். வானிலைத் துறை திருவனந்தபுரத்தில் தினமும் பலூன் விடுகிறது, வெப்பநிலையை மேலே வரை அளந்து அனுப்பும். ஆனால் திருவனந்தபுரம் மலைக்கு மேற்கே இருக்கிறது. மலை ஏறி இறங்கி வந்த காற்றின் அடுக்கு வேறு. காரைக்கால் பலூன் வடக்கே வெகுதூரம். தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ, முடிந்தால் ஒரு படகிலிருந்தோ, இரண்டு கச்சான் பருவத்துக்குப் பலூன் விட்டு மூன்று கிலோமீட்டர் வரை வெப்பநிலையை எழுதி வைக்க வேண்டும். ஒரு டர்பைன் விலையில் இது மிகச் சிறிய பங்கு. நடும் முன்பே செய்தால்தான் பயன். நட்ட பிறகு அளந்தால், பண்ணை கலக்கிய வானத்தைத்தான் அளப்போம்.

இன்னொரு கோரிக்கை. அந்தப் பட்டைகளைப் பார்க்கும் நாட்களில் தேதி, நேரம், கரையிலிருந்து தூரம், ஒரு கறுப்புப் பட்டைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்று ஜிபிஎஸ்-ஸில் குறித்து அனுப்புவீர்களா? பட்டைக்குப் பட்டை ஐந்தாறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நான் சந்தேகிக்கும் அலைதான். சில நூறு மீட்டர் என்றால் வேறு ஏதோ.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?
— அதே பிளஸ் டூ மாணவி, தென்காசி, இரண்டாவது கடிதத்தில்

இருக்கிறது. நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று எடு, மீன் தொட்டி இருந்தால் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம் கல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் பீட்ரூட் சாறு சேர்த்து, அடியில் 3 சென்டிமீட்டர் ஊற்று. அதன்மேல் ஒரு காகிதத் துண்டை மிதக்கவிட்டு, காகிதத்தின் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டி கரண்டியாக, கலங்காமல், இன்னொரு 3 சென்டிமீட்டர் ஊற்று. காகிதத்தை எடுத்துவிடு. சிவப்புக்கும் தெளிவுக்கும் நடுவில் உள்ள கோடுதான் உன் மூடி. இங்கே கனமான தண்ணீர் கீழே, காற்றில் கனமான குளிர்காற்று கீழே.

இப்போது ஒரு ஸ்கேலைக் கோட்டைத் தொடுகிற ஆழத்துக்கு முக்கி, தொட்டியின் நீளத்துக்கு மெதுவாக இழு. மேல்பரப்பு கிட்டத்தட்ட அசையாது, நடுக்கோடு மட்டும் பெரிதாக எழும்பும். நான்சென் என்ற நார்வேக்காரரின் ஃபிராம் கப்பல் 1893-ல் ஆர்க்டிக் கடலில் காரணமே தெரியாமல் வேகம் இழந்தது இதனால்தான். உப்புத் தண்ணீர்மேல் பனி உருகிய நல்ல தண்ணீர் படிந்திருந்தது, கப்பலின் சக்தியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நடுக்கோட்டில் அலை எழுப்பவே போய்விட்டது. எக்மன் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி 1904-ல் அதை இப்படி ஒரு தொட்டியில்தான் விளக்கினார்.

நான் சொன்ன உப்பும் ஆழமும் இருந்தால் உன் நடுக்கோட்டு அலையின் வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். முதலில் 5 சென்டிமீட்டர் வேகத்தில் இழு, பிறகு 20-ல். எந்த முறை அலை ஸ்கேலுக்கு முன்னால் ஓடியது, எந்த முறை பின்தங்கியது, மறுமுனையை எத்தனை விநாடியில் தொட்டது என்று எழுதி அனுப்பு. அடுத்த இதழில் உன் எண்களை வைத்து உன் தொட்டியின் ஃப்ரூட் எண்ணைக் கணக்கிடுவோம்.